கருத்து இல்லாத கவிதையும் கால் உடைந்த நாற்காலியும்



அண்மையில் சிறுவர் கவிதை ஒப்புவிக்கும் போட்டியொன்றுக்கு இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியை அழைத்துச் சென்றிருந்தேன். கவிதையை நாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. ஆகவே, வகுப்பில் பாடுவதற்காக நான் எழுதி வைத்திருந்த எட்டு வரிகளை அவளுக்குப் பயிற்றுவித்தேன். அது பெரிய இலக்கியம் அன்று. எனினும் பின்னால் நான் சொல்லப்போவதற்கு இது தேவை என்பதால் முழுமையாகத் தருகிறேன்.

சீப்புக் குண்டு பல்வரிசை
சீடை தின்னக் கேட்டிடுமோ?
ஊசிக் குண்டு ஒருகாது
ஊதும் சங்கைக் கேட்டிடுமோ?
வாய்க்கா லுக்கு வாயுண்டு
வம்புக் கதைகள் பேசிடுமோ?
நாற்கா லிக்குக் கால்நான்கு
நடந்து பள்ளி வந்திடுமோ?

குழந்தை நன்றாகவே ஒப்புவித்தாள். மண்டபத்தில் தரையில் அமர்ந்திருந்த பிள்ளைகள் மூன்றாம் வரியிலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசி வரியில் யாரோ ஒரு சிறுவன் "வராது!" என்று உரக்கக் கூவினான். அதற்கு முன் ஒப்புவித்த பிள்ளைகளுக்கு இடையே ஒரு கொட்டாவி ஒலிதான் எழுந்திருந்தது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

போட்டி முடிந்ததும் மதிப்பீட்டுத் தாள் கைக்கு வந்தது. "உச்சரிப்பு நன்று. கருத்து இல்லை. பயனுள்ள கவிதையைத் தேர்ந்தெடுக்கவும்." அவ்வளவுதான். பரிசு கிடைக்கவில்லை என்பதற்காக நான் இதை எழுதவில்லை. திரும்பி வரும் வழியில் அந்தக் குழந்தை கேட்டாள்: "ஐயா, கருத்து என்றால் என்ன?" இருபதாண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் கற்பித்து வருகிறேன், விடை சொல்ல என் நா எழவில்லை.

அன்று பரிசு பெற்ற கவிதை எப்படிப்பட்டது? நேரத்தைப் போற்ற வேண்டும், பெற்றோரைப் பேண வேண்டும், நூல்கள் பல கற்க வேண்டும், நாட்டுக்கு உழைக்க வேண்டும். பன்னிரண்டு வரிகளில் ஒன்பது 'வேண்டும்' என்று முடிந்தன. எல்லாம் நல்ல செய்திகளே. ஆனால், அவற்றில் ஒன்றையேனும் அந்தக் குழந்தை அதற்குமுன் கேள்விப்படாமல் இருந்திருக்குமா? காலைச் சபைகூடலில் தலைமையாசிரியர் சொல்கிறார். வீட்டில் தாய் சொல்கிறார். கோயில் விழாவில் தலைவர் சொல்கிறார். அதையே மோனை போட்டு நான்காம் முறையாகச் சொன்னால் அது கவிதையாகிவிடுமா? சுற்றறிக்கையின் வரிகளை மடக்கி எழுதியது போன்ற ஒன்றுக்கு நாம் 'கருத்துள்ள சிறுவர் கவிதை' என்று பெயர் சூட்டி வைத்திருக்கிறோம்.

சரி, என்னுடைய எட்டு வரிகளில் என்ன இருக்கிறது? 'கேட்டிடுமோ' என்னும் சொல் இருமுறை வருகிறது. சீப்பு சீடையைக் கேட்பது வேண்டுதல். ஊசி சங்கைக் கேட்பது செவிமடுத்தல். ஒரே சொல், இரு பொருள். இதை நான் விளக்கவில்லை. பயிற்சியின் இரண்டாம் நாளே அந்த மாணவி, "ஐயா, இந்தக் 'கேட்டிடுமோ' வேறு, அந்தக் 'கேட்டிடுமோ' வேறு, இல்லையா?" என்று தானாகக் கண்டு சொன்னாள். ஏழெட்டு வயதில் பலபொருள் ஒருமொழியைத் தன் காதாலேயே கண்டுபிடித்த பிள்ளைக்கு நாம் எழுதிக் கொடுத்த தீர்ப்பு, 'கருத்து இல்லை'.

வாய்க்காலுக்கு வருவோம். பிள்ளைகளுக்கு வாயும் கால்களும் தெரியும். அவை இரண்டும் ஒட்டி நீர் ஓடும் பள்ளம் ஆவது எப்படி என்று அவர்கள் வியக்கிறார்கள். அங்கே 'கால்' என்பது உடல் உறுப்பு அன்று. நீர் செல்லும் வழி. இதை ஓர் இலக்கணப் பாடமாக நடத்தியிருந்தால் பத்து நிமிடத்தில் பாதி வகுப்பு உறங்கியிருக்கும்.

இதே 'கால்' என்னும் சொல் என்னை ஒருமுறை நன்றாகவே மடக்கியது. மூன்றாம் ஆண்டு வகுப்பில் பின்னம் கற்பித்துக்கொண்டிருந்தேன். நான்கில் ஒன்றைக் கால் என்றும் நான்கில் மூன்றை முக்கால் என்றும் சொல்வோம் என்றேன். பின்வரிசையில் ஒரு மாணவன். படிப்பில் சுமார், எழுத்துப் பயிற்சியை முடித்துக் கொடுத்ததாக எனக்கு நினைவே இல்லை. அவன் கையை உயர்த்தினான்.

"ஐயா, நாற்காலியில் ஒரு கால் உடைந்துபோனால் அது முக்காலியா, முக்கால் நாற்காலியா?"

வகுப்பே சிரித்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: முதலில் எனக்குச் சினம்தான் வந்தது. நேரத்தை வீணடிக்கிறான் என்று எண்ணினேன். "உட்கார், தம்பி" என்று சொல்ல வாயெடுத்தவன், அந்த வினாவை மனத்துக்குள் மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். நான்கு கால்களில் ஒன்று போனால் எஞ்சுவது மூன்று, ஆகவே முக்காலி. நான்கு பங்கில் ஒரு பங்கு போனால் எஞ்சுவது முக்கால். ஆகவே முக்கால் நாற்காலி. இரண்டு விடையும் சரி. ஆனால் முக்காலி நிற்கும், முக்கால் நாற்காலி நிற்காது! பின்னத்தையும் சொல்லாக்கத்தையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டான் பையன். நான் அன்று எழுதி வந்திருந்த பாடத்திட்டத்தில் இதற்கு இணையான வினா ஒன்றுகூட இல்லை.

அதன்பின் வகுப்பு என் கையில் இல்லை. கால் எத்தனை பொருளில் வருகிறது என்று தேடத் தொடங்கினார்கள். பந்தற்கால், மழைக்காலம், கால்வாய் என்று கரும்பலகை நிறைந்தது. (காலம் வேறு சொல்லாயிற்றே என்று ஒரு மாணவி எதிர்வாதம் செய்தாள். அவள் பக்கமும் ஞாயம் இருந்தது.) காற்றுக்கும் கால் என்று பெயருண்டு என நான் சொன்னேன். எட்டில் ஒன்றைத் தமிழர் 'அரைக்கால்' என்று அழைத்தார்கள் என்றதும் பாதிக் காலோடு நடப்பவனை ஒருவன் நடித்தே காட்டினான். கால் என்னும் கால்பங்கில் பாதி அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. அந்தப் பின்னத்தை அவ்வகுப்பில் எவரும் இனி மறக்கமாட்டார்கள்.

இதைக் கேள்விப்பட்ட மூத்த ஆசிரியர் ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆகவே அவருடைய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வாதம், ஔவையார். "நம் பாட்டி ஆத்திசூடி தந்தாள், கொன்றைவேந்தன் தந்தாள், கோமாளித்தனத்தைத் தரவில்லை" என்றார். ஐயா, ஔவைப் பாட்டியைப் பற்றி நம் மக்கள் விரும்பிச் சொல்லும் கதை எது? நாவல் மரத்துக் கிளையில் அமர்ந்திருந்த சிறுவன், சுட்ட பழம் வேண்டுமா சுடாத பழம் வேண்டுமா என்று வினவிய கதைதானே? மண் ஒட்டிய பழத்தைப் பாட்டி ஊதியபோது, பழம் சுடுகிறதா என்று அவன் எள்ளி நகைத்த கதைதானே? அறம் பாடிய மூதாட்டியை ஒரு சிறுவன் சொல் விளையாட்டால் வென்றான். அவள் அதை இழிவென்று கருதவில்லை. அச்சிறுவன் முருகன் என்று நம் மரபு சொல்கிறது. நம் போட்டி நடுவர்கள் அந்த மரத்தடியில் நின்றிருந்தால் முருகனுக்கும் 'கருத்து இல்லை' என்றே எழுதியிருப்பார்கள்.

ஆத்திசூடியைக்கூட நாம் சரியாகப் பார்ப்பதில்லை. அது அகர வரிசையில் எழுத்துக்கு ஒரு தொடராக அடுக்கிய நூல். நெடுங்கணக்கைப் பழகும் பிள்ளைக்கு அடுத்த எழுத்து என்ன என்று எதிர்பார்க்க வைக்கும் ஓர் ஏற்பாடு அதற்குள் இருக்கிறது. அறத்தை மட்டும் உருவி எடுத்து விளையாட்டை வீசி எறிந்தவர்கள் நாம்தான்.

இன்னும் பின்னே செல்லுங்கள். தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல் ஆகியவற்றோடு 'பிசி'யையும் ஒன்றாக வைத்து எண்ணுகிறார். பிசி என்பது விடுகதை. தண்டியலங்காரம் சித்திரகவிகளுள் 'வினாவுத்தரம்' என்று ஒன்றைச் சொல்கிறது. பல வினாக்களைத் தொடுத்து அவற்றின் விடைகளைக் கூட்டினால் ஒரு சொல் வெளிப்படுவது அதன் அமைப்பு. திருஞானசம்பந்தர் சீர்காழியின்மேல் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமையும் மாலைமாற்றுப் பதிகம் பாடினார். இறைவனைப் பாடும்போதே எழுத்தோடு விளையாடலாம் என்றால், இரண்டாம் ஆண்டு வகுப்பறை அதைவிடப் புனிதமான இடமா? காளமேகத்தைச் சொல்லவே வேண்டா. பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் முடிச்சுப் போட்டவர் அவர். சிலேடைக்காக அவரைப் புலவர் என்கிறோம். அதையே சிறுவன் செய்தால் வாயாடி என்கிறோம்.

இரண்டாவது வாதம்: "தலைகீழாகச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை பிழையாகக் கற்றுக்கொள்வான்." இது பலருக்கும் உள்ள அச்சம். இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும்.

ஒலிமரபை நாம் எப்படிக் கற்பிக்கிறோம்? அட்டவணை போட்டு. யானை பிளிறும், குயில் கூவும், மயில் அகவும், ஆந்தை அலறும், புலி உறுமும். பத்து முறை எழுதி வா என்கிறோம். நான் ஒருநாள் அட்டவணையை மூடி வைத்துவிட்டு இப்படிப் பாடினேன்:

யானை ஒன்று கூவியது
ஆந்தை நின்று குரைத்தது
பூனை ஒன்று பிளிறியது
புலியோ மெல்ல அகவியது

இரண்டாம் வரி முடியுமுன் வகுப்பு கொதித்து எழுந்துவிட்டது. "இல்லை ஐயா! தவறு ஐயா!" என்று பத்துக் குரல்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் வீட்டுப் பூனை பிளிறுவதை நானே கேட்டேன் என்று சாதித்தேன். அவர்கள் எனக்குப் பாடம் நடத்தினார்கள். யானைதான் பிளிறும் என்று எனக்கு அழுத்திச் சொன்ன பிள்ளை அதைப் பிழையாகக் கற்குமா? யானை எப்படி ஒலிக்கும் என்று அறியாத பிள்ளைக்கு இந்தப் பாட்டில் சிரிக்க ஒன்றுமே இல்லை. சிரித்தான் என்றால் தெரிந்துவிட்டது என்று பொருள். வகுப்பறை மதிப்பீட்டில் அடைவுநிலை குறிக்க வேறு சான்று தேடி அலைகிறோமே, அந்தச் சிரிப்பைவிட நல்ல சான்று ஏது?

இதே சண்டையை உருசியர்கள் நூறாண்டுக்கு முன்பே போட்டுவிட்டார்கள். கொர்ணேய் சுக்கோவ்ஸ்கி என்னும் கவிஞர் பெத்ரோகிராத் நகர வீதியில் புகைபிடித்துக்கொண்டு உலா வரும் முதலையைப் பற்றிச் சிறுவர்களுக்குக் கவிதை எழுதினார். பிள்ளைகள் கொண்டாடினார்கள். 1928இல் லெனினின் துணைவியார் குருப்ஸ்கயா, 'பிராவ்தா' நாளிதழில் அந்தக் கவிதையைக் கண்டித்து எழுதினார். முதலையைப் பற்றி ஒன்றும் கற்பிக்கவில்லை, குழப்பத்தையே தருகிறது என்பது குற்றச்சாட்டு. மாக்சிம் கார்க்கி கவிஞருக்காகப் பரிந்து எழுத வேண்டியிருந்தது. சுக்கோவ்ஸ்கியோ, இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் பேச்சையும் ஓயாத வினாக்களையும் தொகுத்து ஒரு நூலே எழுதினார். குழந்தை தலைகீழ்க் கவிதையை விரும்புவது, நேரானது எது என்பது அதற்கு உறுதியாகத் தெரிந்துவிட்டதால்தான் என்பது அவருடைய முடிபு. குருப்ஸ்கயாவின் கட்டுரையை இன்று எந்தக் குழந்தையும் படிப்பதில்லை. முதலை இன்னும் உலா வருகிறது.

அவ்வளவு தொலைவு போவானேன்? அடுத்த பாடவேளைக்கு வாருங்கள். மலாய்மொழிப் பாடத்தில் நம் பிள்ளைகள் பாந்துன் படிக்கிறார்கள். நான்கு வரியில் முதல் இரண்டும் பெரும்பாலும் ஓசைக்காகவே வருபவை. பின்னிரண்டில்தான் செய்தி இருக்கும். நகைச்சுவைப் பாந்துன் உண்டு. விடுகதைப் பாந்துன் உண்டு. 2020இல் யுனெஸ்கோ பாந்துனை மாந்த குலத்தின் மரபுச்செல்வமாக ஏற்றுக்கொண்டது. அந்தப் பாடவேளையில் சிரித்துவிட்டு வரும் பிள்ளை, தமிழ்ப் பாடவேளையில் 'வேண்டும், வேண்டும்' என்று ஒப்புவிக்கிறான். எந்த மொழியில் விளையாடலாம், எந்த மொழியில் கைகட்டி நிற்க வேண்டும் என்பதை நாம் அவனுக்குச் சொல்லாமல் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். பிறகு இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் தமிழை விட்டுவிட்டான் என்று பொதுக்கூட்டம் போட்டு அழுகிறோம்.

மூன்றாவது வாதம், நேரமில்லை என்பது. யூ.பி.எஸ்.ஆர் தேர்வு இருந்தவரை இதை நானும் சொன்னேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அந்தச் சாக்கையும் அதனோடு சேர்த்து அடக்கம் செய்துவிடுவோம்.

இனி பெற்றோர்களுக்கு ஒரு சொல். 'கேள்' என்னும் நம் சொல்லைக் கவனியுங்கள். செவிமடு என்றும் பொருள். வினவு என்றும் பொருள். திருக்குறளின் நாற்பத்திரண்டாம் அதிகாரத்துக்குக் 'கேள்வி' என்று பெயர். அங்கே அது சான்றோர் சொல்லைச் செவிமடுத்துப் பெறும் அறிவு. தேர்வுத் தாளில் கேள்வி என்றால் வினா. செவிமடுத்தலுக்கும் வினவுதலுக்கும் ஒரே சொல்லை வைத்த மொழி இது. நாமோ பிள்ளையிடம் "சொன்னதைக் கேள்" என்று முதற்பொருளை மட்டும் கொடுத்துவிட்டு, இரண்டாம் பொருளைப் பூட்டி வைக்கிறோம். நிலா ஏன் நம் மகிழுந்தோடு கூடவே வருகிறது என்று பின்னிருக்கையிலிருந்து குழந்தை கேட்டால் என்ன விடை கிடைக்கிறது? "தொணதொணவென்று பேசாதே." இரட்டைக்கிளவியை நாங்கள் பள்ளியில் சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே, வீட்டில் அது முதலில் கற்றுக்கொள்ளும் இரட்டைக்கிளவி இதுதான்.

விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அல்லது வினாவையே பாட்டாக்கி விடுங்கள். வினாவில் முடியும் பாட்டைப் பிள்ளை தூங்கும்வரை மனத்தில் வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கும். விடையோடு முடியும் பாட்டை ஒப்புவித்த மறுகணம் கீழே வைத்துவிடும். நம் பிள்ளைகள் கீழே வைத்த பாடல்கள் எத்தனை என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

சிரிப்பு என்ற பெயரில் வருவதெல்லாம் எனக்கு உடன்பாடு என்று யாரும் எண்ணிவிட வேண்டா. குண்டுப் பையன், கறுத்த பெண், திக்குவாய், வழுக்கைத் தலை என்று உடலை எள்ளும் வரிகளைச் 'சிறுவர் நகைச்சுவைப் பாடல்' என்று எனக்கு அனுப்பிவைத்தவர்கள் உண்டு. அவற்றைப் படித்துக் காட்டும்போது வகுப்பில் ஒரு பிள்ளை தலை குனிந்திருக்கும். மற்றவர்கள் அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பார்கள். அது சொல்லோடு விளையாடுவது அன்று; ஆளோடு விளையாடுவது. திரைப்பாட்டு மெட்டில் பொருளும் இல்லாமல் ஓசையும் அமையாமல் கொட்டி நிரப்புவதும் வேண்டா. பிள்ளையின் செவி மிகக் கூர்மையானது. சீர் ஒன்று நொண்டினாலும் கண்டுகொள்ளும். வேடிக்கைப் பாட்டு எழுதுவது அறப்பாட்டு எழுதுவதைவிடக் கடினம் என்பது என் பட்டறிவு. மேலே தந்த எட்டு வரிக்கு எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன. 'நேரம் பொன் போன்றது' வகையை மதிய உணவுக்கு முன் இரண்டு எழுதிவிடலாம். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவை (1922–1989) எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் முரசு நெடுமாறன் ஐயாவை எடுத்துக்கொள்ளுங்கள். எளிமையாகத் தோன்றும் அவர்களுடைய ஓசைக்குப் பின்னால் யாப்புப் பயிற்சி இருக்கிறது.

திருக்குறளையும் உலகநீதியையும் மூட்டைகட்டி வைக்கச் சொல்கிறேனா என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. செய்யுளும் மொழியணியும் என் வகுப்பில் ஒருநாளும் குறைந்ததில்லை. அவற்றோடு இன்னொன்றும் இருக்கட்டும் என்கிறேன். போட்டி நடத்துவோர் மதிப்பீட்டுத் தாளில் 'கருத்து' என்ற கட்டத்தின் அருகே 'கற்பனை', 'சொல்நயம்' என்று இரண்டு கட்டங்களைச் சேர்க்கட்டும். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் சிரித்தார்களா, திருப்பி விடை சொன்னார்களா என்பதையும் நடுவர்கள் தலையை நிமிர்த்திப் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும்.

அந்த மாணவிக்கு என்ன விடை சொன்னேன் என்று சிலர் எண்ணலாம். மறுநாள் காலை வகுப்பில் எல்லாரும் எழுந்து நின்று, "காலை வணக்கம், ஐயா" என்றார்கள். அவள் மட்டும் அமரவில்லை.

"ஐயா, தினமும் காலையே வணங்குகிறோமே, கையை எப்போது வணங்குவது?"

கருத்தைப் பற்றி அவள் பிறகு கேட்கவே இல்லை. மாலை வகுப்புக்கு வந்தபோது என் மேசையில் காகிதப் பூக்களால் கட்டிய ஒரு சிறிய மாலை இருந்தது. அதை எல்லாருமாகச் சேர்ந்து கும்பிட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்கள்: "மாலை வணக்கம், ஐயா!"